திறந்து வைத்தவர்

அந்த ஸ்கேன் சென்டரில் அவருக்குப் பெயர் 'சர்வர்'. பெற்றோர் வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. மாடிப்படியை ஒட்டிய குளிரூட்டிய சின்ன அறையில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் என்ற கணினியைப் பதினான்கு வருடமாகப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எக்ஸ்ரே, ஸ்கேன் என்று எந்த இயந்திரம் எடுத்த படமும் அங்கேதான் போய்ச் சேரும். டாக்டர்கள் எழுதும் ரிப்போர்ட்டும் அங்கேதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாமியார் தன் சொந்தக்காரர் ஒருவரிடம், "மாப்பிள்ளை சர்வரைப் பார்த்துக்கிறாரு" என்று பெருமையாகச் சொல்ல, "அப்படியா, எந்த ஓட்டல்ல?" என்று அவர் கேட்டாராம். இந்தக் கதையை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் அது.

வேலையில் கறார். கடவுச்சொல் விஷயத்தில் இன்னும் கறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரையும் மாற்றச் சொல்லுவார். பிள்ளை பெயர், பிறந்த வருடம் எதுவும் வைக்கக் கூடாது என்பார். டாக்டர்களே அவரைக் கண்டால், "இதோ மாத்திடறேன், மாத்திடறேன்" என்று நழுவுவார்கள்.

ஒருநாள் ரிசப்ஷன் மேசைக்குக் கீழே எதையோ சரிசெய்யக் குனிந்தபோது, விசைப்பலகையின் அடியில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டு அவர் கண்ணில் பட்டது. ரிசப்ஷன் அக்காவின் கடவுச்சொல் அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. முகத்தைப் பார்த்தே யாருக்கு வலி, யாருக்குப் பயம் என்று சொல்லிவிடுவார். எழுத்தும் எண்ணும் கலந்த எட்டு இலக்கம் மட்டும் மனதில் நிற்காது. சர்வர் அந்தச் சீட்டைப் பிய்த்து எடுத்து, காத்திருப்பவர்கள், ஊழியர்கள் எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார்.

"எதுக்குக்கா சிரமம்? பேசாம வாசல்ல ஒரு போர்டு எழுதி மாட்டிடுங்களேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். காது மட்டும் சிவந்துவிட்டது. அதன் பிறகு அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை மாடிப்படி அறைக் கதவைத் தட்டி, "தம்பி, மறுபடி மறந்துட்டேன்டா, திட்டாதே" என்று நிற்பார்.

இப்படிப்பட்டவர்தான் மூன்று வருடத்துக்கு முன் அந்த வழியைத் திறந்து வைத்தார்.

வீட்டிலிருந்தபடியே சர்வருக்குள் போய் வேலை செய்ய ஒரு வழி உண்டு. கேட்கிற இடத்தில் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினால் போதும், நேரில் அதன் முன்னால் உட்கார்ந்ததற்குச் சமம். அந்த வழியை இணையம் முழுவதற்கும் திறந்து விடக் கூடாது, வெறும் கடவுச்சொல்லை நம்பி விடவே கூடாது என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். அவருக்கும் அது தெரியும். ஆனால் அப்போது மனைவிக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சென்டரிலிருந்து போன் மேல் போன். கைப்பேசியிலிருந்தே உள்ளே போய்ச் சரிசெய்ய வசதியாக, எங்கிருந்து வந்தாலும் கடவுச்சொல் சரியாக இருந்தால் உள்ளே விடும்படி மாற்றி வைத்தார். எல்லா அதிகாரமும் உள்ள தலைமைக் கணக்கையும் சேர்த்தே திறந்துவிட்டார். கைப்பேசியில் தட்ட எளிதாக இருக்கட்டும் என்று மகளை வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரையும் அவள் பிறந்த வருடத்தையும் கடவுச்சொல்லாக வைத்தார்.

"ஒரு வாரம்தானே" என்று நினைத்துக்கொண்டார்.

மனைவி எழுந்தாள், நடந்தாள், மாடிப்படியும் ஏறினாள். அந்த வழி மட்டும் மூடப்படவில்லை. பஸ்ஸில் போகும்போதும் வேலை முடிகிறது, சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போதும் முடிகிறது. சுகம் கண்டுவிட்டார். நாளைக்கு மூடிக்கொள்ளலாம், நாளைக்கு மூடிக்கொள்ளலாம் என்று மூன்று வருடம் ஓடிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு எக்ஸ்ரே எடுப்பவர் போன் செய்தார்.

"சர்வர், ஒரு படமும் திறக்க மாட்டேங்குது. எல்லாப் படத்தோட பேருக்கும் பின்னாடி ஏதோ வால் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு."

அவர் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் இருபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். வயிற்று ஸ்கேனுக்காகக் காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்தவர்கள் பாதிப்பேர். சக்கர நாற்காலியில் ஒரு அம்மாவை வைத்துக்கொண்டு அவர் மகன் நின்றிருந்தார். தலையில் இருக்கும் கட்டி வளர்ந்திருக்கிறதா என்று போன மாதப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். போன மாதப் படம் திறக்கவில்லை. சர்வர் அறையில், திரையில் ஒரு கடிதம். உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் எங்களைத் தொடர்புகொள்ளுங்கள் என்று அரைகுறை மொழியில் எழுதியிருந்தது.

யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்பதைச் சர்வர் தானாகக் குறித்து வைக்கும். அந்தப் பதிவின் நகல் தினமும் இன்னொரு சிறிய கணினிக்குப் போகும்படி அவரே ஒருகாலத்தில் ஏற்பாடு செய்திருந்ததால் அது தப்பியிருந்தது. திறந்து பார்த்தார். பெயர் தெரியாத யார் யாரோ, எங்கிருந்தெல்லாமோ, நிமிஷத்துக்கு நாலைந்து முறை தவறான கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மாதக்கணக்காக, பக்கம் பக்கமாக. தவறு, தவறு, தவறு என்று ஓடிய வரிகளுக்கு நடுவே, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று பதினேழுக்கு ஒரே ஒரு வரி: ஏற்கப்பட்டது. தலைமைக் கணக்கு. அவருடைய கடவுச்சொல்.

அந்த நேரம் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தார். வீட்டில் மின்விசிறி துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெரிய டாக்டர் அறைக்குள் வந்தார். சென்டரை ஆரம்பித்த அம்மா அவர். பின்னாலேயே மேனேஜர்.

"எப்படி உள்ள வந்தாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"பார்த்துக்கிட்டிருக்கேன் டாக்டர்" என்றார் சர்வர். திரையைச் சட்டென்று மாற்றியிருந்தார்.

மேனேஜர் முந்திக்கொண்டார். "மெயில்ல வந்த எதையாவது யாராவது திறந்திருப்பாங்க. முதல்ல ரிசப்ஷன் கம்ப்யூட்டரைப் பாருங்க. அந்தச் சீட்டு விஷயம் ஞாபகம் இருக்குல்ல?"

எல்லோரும் சர்வரின் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

"இருக்கலாம்" என்றார்.

அந்த 'இருக்கலாம்' மதியத்துக்குள் 'அதுதான்' ஆகிவிட்டது. மூன்று மணிக்கு மேனேஜர் ரிசப்ஷன் அக்காவைக் கூப்பிட்டு, விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார். அக்கா பையையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு மாடிப்படி வழியாகத்தான் போனார். கதவு பாதி திறந்திருந்தது. சர்வர் தலையை நிமிர்த்தவில்லை. செருப்புச் சத்தம் படியருகில் ஒரு கணம் நின்று பிறகு போவது மட்டும் கேட்டது.

அடுத்த மூன்று நாளும் பேய் மாதிரி வேலை செய்தார். சனிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் ஒரு தனி வட்டில் நகலெடுத்து, அதைக் கழற்றி அலமாரியில் வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. போன சனிக்கிழமை இயந்திரக் கோளாறு என்று அது விடுபட்டிருந்தாலும் அதற்கு முந்தைய வாரத்து நகல் இருந்தது. பெரும்பாலான படங்கள் திரும்ப வந்தன. சக்கர நாற்காலி அம்மாவின் போன மாதப் படமும் வந்தது. "நீங்க மட்டும் இல்லேன்னா நாங்க நடுத்தெருவுலதான் நின்னிருப்போம் சர்வர்" என்றார் மேனேஜர். யாரோ பிஸ்கட் வாங்கி வந்து மேசையில் வைத்தார்கள். அந்தப் பாராட்டு ஒவ்வொன்றும் அவர்மேல் வெந்நீர் ஊற்றினாற்போல இருந்தது.

செவ்வாய்க்கிழமை அந்தப் பதிவைத் திரும்பத் திறந்தார். அந்த ஒரு வரியை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. விரல் விசைமேல் இருந்தது. அழிக்கவில்லை. அழிக்காமல் விட்டதையே ஏதோ பெரிய நேர்மைபோல நினைத்து அன்று முழுக்க மனதைத் தேற்றிக்கொண்டார். அக்காவுக்கு ஒன்றும் ஆகாது, கொஞ்ச நாளில் அடங்கிவிடும், அப்புறம் தானே பேசித் திரும்பக் கூட்டி வந்துவிடலாம் என்றுகூட ஒரு கணக்குப் போட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது கைப்பேசி அடித்தது. ரிசப்ஷன் அக்கா.

"தம்பி, வீட்டுக்கு வந்துட்டியா? சாப்பிட்டியா?"

"ம். சொல்லுங்கக்கா."

"இல்ல... நானும் நாலு நாளா யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன். சனிக்கிழமை ஏதோ ஒரு மெயில் வந்துச்சுடா. பில்லுன்னு போட்டிருந்துச்சு. நான் அமுக்கினேனா இல்லையான்னே எனக்கு ஞாபகம் இல்ல. அமுக்கித்தான் இருப்பேன். எனக்குத்தான் எதுவும் மண்டையில நிக்காதே." அவர் குரல் தடுமாறியது. "அந்தச் சக்கர நாற்காலி அம்மா முகம் கண்ணுக்குள்ளேயே நிக்குது. உனக்கும் எவ்வளவு வேலை வச்சுட்டேன். நீ அன்னிக்கே சொன்னே, நான்தான் கேக்கல. மன்னிச்சிடுப்பா."

சர்வர் அப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை போதும். 'நீங்க இல்லக்கா.' அது தொண்டை வரை வந்தது. வெளியே வந்தது வேறு.

"பரவாயில்லைக்கா" என்றார்.

"உனக்குப் பெரிய மனசுடா" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தார்.

சர்வர் ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாகக் கட்டிலில் உட்கார்ந்தார். மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, யாரு போன்ல? ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆரம்பித்து அந்தப் 'பரவாயில்லை' வரை. அவர் முடித்ததும் கேட்டாள்:

"எனக்கு ஆபரேஷன் நடந்ததாலதான்னு சொல்லப் போறீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க. நான் எழுந்து நடந்து மூணு வருஷம் ஆச்சு."

மறுநாள் பத்து மணிக்கு, எப்படி உள்ளே வந்தார்கள் என்று ஆராய வெளியிலிருந்து ஒரு பெண் வருவதாக இருந்தது. சர்வர் எட்டரைக்கே பெரிய டாக்டர் அறை வாசலில் நின்றார். அந்தப் பெண் வரப்போவது தெரியாமல் இருந்திருந்தால் அன்றைக்குப் போயிருப்பாரா என்று பிற்பாடு அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார். நெஞ்சைத் தொட்டு 'ஆமாம்' என்று சொல்ல அவரால் இன்றுவரை முடியவில்லை.

அவர் சொன்னதையெல்லாம் டாக்டர் கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"திங்கட்கிழமையே தெரியுமா?"

"தெரியும் டாக்டர்."

"அவங்களை எல்லார் முன்னாடியும் வெளியே அனுப்பினோம். இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். மேனேஜர், எக்ஸ்ரே எடுப்பவர், இரண்டு டாக்டர்கள், துடைப்பத்தோடு துப்புரவு அம்மா. ஆய்வுக்கு வந்த பெண்ணும் சீக்கிரமே வந்து சேர்ந்து ஓரமாக நின்றாள். சர்வர் சொன்னார். எதையும் விடாமல் முழுதாகச் சொன்னார். பிஸ்கட் வாங்கி வந்தவர் தரையைப் பார்த்தார்.

ஆய்வுப் பெண் மெதுவாகக் கேட்டாள். "அந்தப் பாஸ்வேர்டு என்ன சார்? வேற எங்கேயும் அதையே வச்சிருக்கீங்களான்னு பார்க்கணும்."

"தனியா சொல்லட்டுமா?"

"இனிமே அது ரகசியம் இல்லையே சார்."

"பட்டுக்குட்டி..." என்றார். "ரெண்டாயிரத்து ஆறு."

யாரோ சிரிப்பை அடக்க முயன்று இருமினார்கள். சீட்டை உயர்த்திப் பிடித்த அன்று அவரே தொடங்கி வைத்த சிரிப்பு அது. இப்போது அவர் காது சிவந்தது.

அன்றே அந்தப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றினார். பூட்டப்பட்ட பழைய அமைப்பை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக நிறுவினார்கள். கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே வரும் முறையை அடியோடு நிறுத்தினார்கள். அதற்குப் பதில் சாவிக்கோப்பு. அவருடைய மடிக்கணினியில் ஒரு பாதி, சர்வரில் அதன் ஜோடி. இரண்டும் பொருந்தினால்தான் உள்ளே விடும். தலைமைக் கணக்கில் யாரும் நேராக நுழைய முடியாது. சென்டரின் தனிப் பாதை வழியாக வராத எவரும் வாசலைப் பார்க்கக்கூட முடியாது. அதற்கு மேல் கைப்பேசியில் வரும் ஆறு இலக்க எண்.

"ஸ்க்ரீன்ல புதுசா இன்னொரு ஜன்னல் திறந்து உள்ள போய்ப் பார்க்காம இதை மூடிடாதீங்க சார்" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் மடிக்கணினியில் பழைய இணைப்பை மூடிவிட்டார். அமைப்பில் ஒரு எழுத்து தப்பாக இருந்திருக்கிறது. சர்வர் அவரையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது. பதினான்கு வருட அனுபவம் உள்ளவர், பயிற்சிக்கு வந்த முதல் நாள் பையன்போல, சர்வரிலேயே நேரடியாகச் செருகித் திருத்த விசைப்பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிப்படி அறைக்கு ஓடினார். வேறொரு நாளாக இருந்தால் இதையும் கதையாக்கிச் சிரித்திருப்பார்.

வேலையை விட்டுவிடுவதாக அவர் எழுதிக் கொடுத்ததை டாக்டர் வாங்கவில்லை. மேசைமேல் ஒரு பட்டியலை நகர்த்தினார். நாற்பத்தோரு பெயர். விடுபட்ட அந்த வாரத்தில் எடுத்து, எந்த நகலிலும் கிடைக்காமல் போன எக்ஸ்ரேக்கள்.

"ஒவ்வொருத்தரையும் நீங்களே கூப்பிடுங்க. என்ன நடந்துச்சுன்னு சொல்லி, திரும்ப வரச் சொல்லுங்க. 'சிஸ்டம் பிராப்ளம்'னு சொல்லக் கூடாது."

இரண்டு நாள் கூப்பிட்டார். சிலர் திட்டினார்கள். ஒருவர் கேட்டு முடிக்குமுன்னே வைத்துவிட்டார். ஒரு பெரியவர் மட்டும் கவலையோடு, "ஏம்ப்பா, போன தடவை மூச்சை அடக்கிக்கிட்டு அவ்வளவு அழகா நின்னேனே, இன்னொரு தடவை அப்படி வருமா?" என்று கேட்டார். வரும் ஐயா, வரும் என்று சொல்லும்போது சர்வருக்குக் கண் கலங்கிவிட்டது.

இனிமேல் அவர் தனியாக எதையும் மாற்ற முடியாது என்றும் முடிவானது. எந்த வழியைத் திறந்தாலும் இரண்டாவது ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இரண்டாவது ஆள் மேனேஜர். அவர் ஒவ்வொரு வரிக்கும், "இது எதுக்கு? இது யாருக்கு?" என்று குடைவார். சர்வர் பொறுமையாகப் பதில் சொல்வார்.

ரிசப்ஷன் அக்காவிடம் பெரிய டாக்டரே நேரில் போய்ப் பேசினார். திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வந்தார். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு சர்வர் மேசையருகே போய் நின்றார்.

"அக்கா..."

"சொல்லுங்க சார்."

ஒன்பது வருடமாகத் 'தம்பி'. 'டா' போட்டுத்தான் பேச்சு. அந்தச் 'சார்' அவரை இரண்டடி பின்னால் தள்ளியது.

"நான் பண்ணது பெரிய தப்புக்கா. உங்களைப் பழி சுமக்க வச்சுட்டேன்."

அக்கா கையிலிருந்த படிவங்களை அடுக்கிக்கொண்டே பேசினார். குரலில் கோபமில்லை. "கதவைத் திறந்து வச்சதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல சார். மறதி எல்லாருக்கும் உண்டு. எனக்கு இல்லாததா? பயத்துல வாயை மூடிக்கிட்டீங்க, அதுவும் புரியுது." படிவங்களை மேசையில் தட்டி நேராக்கினார். "நான் போன்ல மன்னிப்புக் கேட்டேன் பாருங்க. அப்ப நீங்க 'பரவாயில்லை'ன்னீங்க. என்னை மன்னிச்சீங்க. அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியல. நாலு நாளா நான்தான் பண்ணேன்னு நானே நம்பிட்டேன் சார்."

அடுத்த டோக்கன்காரர் வந்து நின்றார். அக்கா அவரைப் பார்த்து, "வாங்க, வலி எங்கே இருக்கு?" என்று ஆரம்பித்தார்.

ஆறு மாதம் கழித்து அக்கா தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சென்டரின் இன்னொரு கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். பஸ் ஏற முடியவில்லை, முழங்கால் வலி என்று காரணம் சொன்னார். முழங்கால் வலி உண்மைதான். அது மட்டும்தானா என்று சர்வர் யாரிடமும் கேட்கவில்லை.

புதிதாகச் சேருபவர்களுக்கு அவர்தான் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறார். யாரையும் உயர்த்திப் பிடித்துக் காட்டுவதில்லை. திறந்து வைத்த கதையைத் தன் பெயரிலேயே சொல்கிறார். செல்லப் பெயரைக்கூட மறைப்பதில்லை. கல்லூரியில் படிக்கும் மகள், "அப்பா, என் மானத்தை ஏம்ப்பா ஊரெல்லாம் வாங்குறீங்க" என்று தலையில் அடித்துக்கொள்வாள். அந்தப் போன் அழைப்பு வரும் இடம் வந்ததும் மட்டும் அவர் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்.

மாதம் ஒருமுறை அக்கா இருக்கும் கிளைக்கும் போய்க் கணினிகளைப் பார்க்க வேண்டும். போனால் அக்கா எழுந்து நிற்பார். "வாங்க சார், டீ சாப்பிடுறீங்களா?" என்று கேட்பார். யார் வந்தாலும் கேட்கும் அதே குரல். போன மாதமும் கேட்டார். சர்வர் தலையாட்டினார். அக்கா கொண்டுவந்து வைத்ததைக் குடித்து முடித்து, கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.